எட் ரீடா, ட்ராய் பொலமாலுவா?

கேள்வி இதுதான்: “அமெரிக்கக் கால்பந்தில் பால்டிமோர் ரேவன்ஸின் எட் ரீட், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ட்ராய் பொலமாலு இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர்? இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தைப் பறித்த கணக்கில் ரீட் 64, பொலமாலு 32. சரியாக இரண்டு மடங்கு. அப்புறம் ஏன் இன்னும் சண்டை ஓயவில்லை?”

என் ஓட்டு ரீடுக்குத்தான். ஆனால் அந்த 64-ஐ வைத்து நான் அந்த முடிவுக்கு வரவில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் பிட்ஸ்பர்க் ரசிகர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார், அதில் நியாயமும் இருக்கும். இரண்டு பேரின் சட்டையிலும் சேஃப்டி என்ற ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் இருவரும் செய்த வேலை வேறு வேறு.

அமெரிக்கக் கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியில் குவாட்டர்பேக் பந்தை வாங்கி, ஓடும் ரிசீவர்களில் ஒருவருக்கு எறிவார், அல்லது ஓட்டக்காரர் கையில் கொடுப்பார். தடுக்கும் அணியில் அந்த ரிசீவர்களோடு ஒட்டியே ஓடும் இருவர் கார்னர்பேக்குகள். அவர்களுக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் இருவர் சேஃப்டிகள். இந்த நான்கு பேரையும் சேர்த்துத்தான் டிஃபென்சிவ் பேக் என்கிறார்கள். சேஃப்டிகளில் ஆழத்தில் நின்று மைதானம் முழுவதையும் பார்ப்பவர் ஃப்ரீ சேஃப்டி, அது ரீடின் இடம். கொஞ்சம் முன்னால் வந்து ஓட்டக்காரர்களையும் மோதி வீழ்த்துபவர் ஸ்ட்ராங் சேஃப்டி, அது பொலமாலுவின் இடம். குறைந்தபட்சம் அணிப் பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது. களத்தில் பொலமாலு எங்கே நிற்பார் என்பது பல நேரம் அவருடைய அணிக்காரர்களுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம். இருவரும் என்எஃப்எல் லீகின் ஒரே பிரிவில், ஆண்டுக்கு இரண்டு முறை மோதும் அணிகளில், 2003 முதல் 2012 வரை ஆடினார்கள். ஆனால் நேருக்கு நேர் மோதியதே இல்லை என்று சொல்லலாம். ரீட் களத்தில் இருக்கும்போது பொலமாலு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இவர் வெளியே வந்தால் அவர் உள்ளே போவார். ரீடை எதிர்கொண்டவர் ஸ்டீலர்ஸின் குவாட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கர். பொலமாலுவை எதிர்கொண்டவர் ரேவன்ஸின் குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ. “நீயா நானா” என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் வீடியோக்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் டிராஃப்டில் ரீட் 2002-இல் 24-வது தேர்வு, மியாமி பல்கலைக்கழகம். 174 ஆட்டங்கள், 9 ப்ரோ பவுல் (நட்சத்திர ஆட்டத் தேர்வு), 5 முறை முதல்நிலை ஆல் ப்ரோ (ஆண்டின் சிறந்த அணி), 2004-இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர், ஒரு சூப்பர் பவுல் (லீகின் இறுதியாட்டம்) கோப்பை. பொலமாலு 2003-இல் 16-வது தேர்வு, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம். அவருக்காக ஸ்டீலர்ஸ் 27-வது இடத்திலிருந்து பேரம் பேசி மேலே ஏறி வந்தார்கள். 158 ஆட்டங்கள், 8 ப்ரோ பவுல், 4 முறை ஆல் ப்ரோ, 2010-இல் அதே சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, இரண்டு கோப்பைகள். இருவருமே தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே ஆட்டத்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானவர்கள்: ரீட் 2019, பொலமாலு 2020. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது, அதனால் இங்கேயே விட்டுவிடலாம்.

இப்போது ரீட் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம்.

ஒரு நல்ல குவாட்டர்பேக், ஆழத்தில் தனியாக நிற்கும் சேஃப்டியை எப்போதும் கண்ணால் ஏமாற்றப் பார்ப்பார். இடது பக்கம் பார்ப்பார், சேஃப்டி இரண்டு எட்டு இடது பக்கம் சாய்வார், உடனே பந்து வலது பக்கம் போகும். எல்லாக் குவாட்டர்பேக்குகளும் கற்றுக்கொள்ளும் முதல் தந்திரம் இது. ரீடிடம் இது எடுபடவில்லை. அவர் குவாட்டர்பேக்கின் கண்ணை மட்டும் நம்பியதில்லை. ரிசீவர்கள் நிற்கும் வரிசை, எத்தனையாவது டவுன் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எத்தனை யார்டு தேவை, இதே அணி இதே நிலையில் போன வாரம் என்ன செய்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஊகிப்பார். பழைய ஆட்டங்களின் படம் போட்டுப் பார்த்துப் படிப்பதில் அவர் பிடிவாதக்காரர். அதற்கு மேல் ஒரு படி போய், தான் ஏமாந்ததுபோல நடிப்பார். இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்க ரிசீவர் தனியாக இருப்பதுபோலத் தெரியும். குவாட்டர்பேக் கை ஓங்கும் கணத்தில் ரீட் திரும்பி ஓட ஆரம்பித்திருப்பார். கபடியில் மூலையில் நிற்பவன் வேண்டுமென்றே இடம் விட்டு, ஏறி வருகிறவனை உள்ளே இழுத்து மடக்குவதுபோலத்தான் இதுவும்.

இதற்கு என்ன சாட்சி என்று கேட்டால், அந்தக் காலத்தின் இரு பெரும் குவாட்டர்பேக்குகளான பேட்டன் மானிங்கும் டாம் பிரேடியும்தான். 2007 ஜனவரியில் பால்டிமோரில் நடந்த ப்ளேஆஃப் (பருவ முடிவின் நாக் அவுட்) ஆட்டத்தில் மானிங்கின் கோல்ட்ஸ் அணி ஜெயித்தது. ஆனால் 15–6 என்ற அந்த ஸ்கோரில் ஒரு டச் டவுன்கூட (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது) இல்லை, கோல்ட்ஸின் 15 புள்ளிகளும் ஆடம் வினடியெரி உதைத்த ஐந்து ஃபீல்டு கோல்கள். அன்று ரீட் மானிங்கிடமிருந்து இரண்டு பந்துகளைப் பறித்தார். பிரேடி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில், ஒவ்வொரு பந்துக்கும் 20-ஐத் தேடு என்று தனக்குத் தானே எழுதி வைத்திருந்தார். 20 என்பது ரீடின் சட்டை எண். பந்து கையில் வருவதற்கு முன் முதல் வேலையாக ஒரே ஒரு ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது, அதை மறக்காமல் இருக்கக் கையில் எழுதிக் கட்டிக்கொள்வது. பிரேடி செய்தார் என்பதால்தான் இதைப் பெரிதாகச் சொல்கிறேன். அவருடைய அன்றைய பயிற்சியாளர் பில் பெலிசிக்கும் ரீடைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், அவர் பொதுவாக யாரையும் அவ்வளவு புகழ்பவர் அல்ல.

அப்படியென்றால் ரீடின் உண்மையான கணக்கு எங்கே இருக்கிறது? எறியப்படாத பந்துகளில். மைதானத்தின் நடு ஆழத்தில் ஒரு ரிசீவர் தனியாக ஓடுகிறார், குவாட்டர்பேக் பார்க்கிறார், 20-ஐயும் பார்க்கிறார், மனதை மாற்றிக்கொண்டு பக்கத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு சின்னப் பந்து போடுகிறார். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அதனால்தான் 64 என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பயந்து விலகிப் போன பிறகும் அந்த 64 கிடைத்திருக்கிறது என்பதே விஷயம்.

பந்தைப் பிடித்த பிறகு ரீட் வேறு ஆளாக மாறிவிடுவார். 2004 நவம்பர் 7, கிளீவ்லண்ட் பிரௌன்ஸுக்கு எதிரான ஆட்டம். ரேவன்ஸ் 20–13 என்று முன்னிலை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, பந்து ரேவன்ஸின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில், சமன் செய்யக் கிளீவ்லண்டுக்கு ஒரு டச் டவுன் போதும். ஜெஃப் கார்சியா எறிந்த பந்து ஆரன் ஷே மேல் பட்டுத் தெறித்தது. கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோனுக்குள் நின்ற ரீட் அதைப் பிடித்தார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஒரு காலை மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், ஆட்டம் முடிந்தது, வெற்றி கையில். ரீட் ஓடினார். 106 யார்டு, மறுமுனை வரை, டச் டவுன். அப்போது அது லீக் சாதனை. நான்கு ஆண்டு கழித்து, 2008 நவம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக அதை அவரே முறியடித்தார். அன்று பாதி ஆட்டத்தில் டோனவன் மெக்நாபை உட்கார வைத்துவிட்டு இளம் கெவின் கோல்பை இறக்கினார்கள். கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் வந்து கோல்ப் எறிந்த பந்து ரீடின் கையில் விழுந்தது, 107 யார்டு. இன்டர்செப்ஷன் செய்த பின் ஓடிய மொத்தத் தூரத்திலும் அவர்தான் முதலிடம், 1,590 யார்டு. அதாவது அவர் ஒரு பந்தைப் பறித்தால் சராசரியாக 25 யார்டு எதிரியின் பக்கம் நகரும். பறித்ததோடு முடியாது, அடுத்த பத்து விநாடியும் ஆபத்துதான்.

இந்தக் குணம் கல்லூரியிலேயே இருந்தது. 2001-இல் பாஸ்டன் காலேஜுக்கு எதிராக முன்னிலையில் இருந்த மியாமி தோற்கும் ஆபத்தில் இருந்தபோது, பந்தைப் பிடித்தது ரீட் அல்ல, அவருடைய அணிக்காரர் மாட் வால்டர்ஸ். உடலால் பெரிய ஆள், வேகமாக ஓட முடியாதவர். ரீட் ஓடிவந்து தன் ஆளின் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கிக்கொண்டு 80 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். மியாமி ஜெயித்தது, அந்த ஆண்டு தேசிய சாம்பியனும் ஆனது. இதை வீரம் என்று சொல்பவர்களும் உண்டு, பைத்தியக்காரத்தனம் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமாகத் தெரிகிறது. ஏனென்றால் இதே குணம்தான் அவரைத் தேவையில்லாத நேரத்திலும் பந்தைப் பின்னால் ஓடிவரும் ஆளுக்குத் தூக்கிப் போட வைத்தது. 2009 நவம்பரில் கோல்ட்ஸுக்கு எதிராக 17–15 என்று இரண்டே புள்ளி பின்தங்கி, கடைசி விநாடிகளில் பன்ட் ஒன்றை (எதிரணி உதைத்துக் கொடுத்த பந்து) எடுத்துத் திருப்பி ஓடியவர், அப்படிப் பந்தை இன்னொருவருக்குப் போடப் போய் நழுவ விட்டார். தோல்வி. பால்டிமோர் பயிற்சியாளர்கள் இந்தப் பழக்கத்துக்காகத் தலையில் கைவைத்த நாட்கள் நிறைய.

இனி பொலமாலு.

சமோவா வம்சாவளி, கலிஃபோர்னியாவில் பிறந்து ஆரெகன் மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் வளர்ந்தவர். களத்துக்கு வெளியே குரலே எழும்பாது, களத்தில் ஒவ்வொரு பந்து முடிந்த பிறகும் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். தோளுக்குக் கீழே இறங்கும் அந்த முடிதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஷாம்பூ விளம்பரக்காரர்கள் அதை ஒரு மில்லியன் டாலருக்கு இன்ஷூர் செய்தார்கள். 2006-இல் கான்சஸ் சிட்டியின் லாரி ஜான்சன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய பொலமாலுவை அந்த முடியைப் பிடித்து இழுத்தே வீழ்த்தினார். முடியைப் பிடித்து இழுப்பது விதிப்படி தப்பில்லை, அது சீருடையின் ஒரு பகுதி மாதிரிதான்.

2004-இல் ஸ்டீலர்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தவர் டிக் லெபோ. தானே டெட்ராய்ட் லயன்ஸில் கார்னர்பேக்காக ஆடி 62 இன்டர்செப்ஷன் எடுத்தவர், ரீடைவிட இரண்டே குறைவு. ஸோன் பிளிட்ஸ் என்ற முறையை வளர்த்தெடுத்தவர் அவர். குவாட்டர்பேக் மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்க்கும் ஆட்கள் பின்வாங்குவார்கள், எதிர்பாராத மூலையிலிருந்து யாராவது பாய்வார்கள். அந்த “யாராவது” பல நேரம் பொலமாலு. லெபோ அவருக்குக் கொடுத்த சுதந்திரம் அந்தக் காலத்தில் வேறு எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் போட்ட இடத்தில் நிற்க வேண்டியதில்லை, தோன்றிய இடத்துக்குப் போகலாம். ஸ்னாப்புக்கு (பந்து குவாட்டர்பேக்கின் கைக்குப் போகும் கணம்) ஐந்து விநாடி முன்னால் பந்துக்கு எதிரே வரிசையில் நிற்பார், ஸ்னாப் ஆனதும் முதுகைக் காட்டி இருபது யார்டு பின்னால் ஓடுவார். அடுத்த முறை ஆழத்தில் சோம்பேறியாக நிற்பவர், பந்து நகரும் கணத்தில் கோட்டைத் தாண்டி உள்ளே இருப்பார்.

2010 செப்டம்பர் 19, டென்னஸி டைட்டன்ஸ். கோல் கோட்டுக்கு முன்னால் டைட்டன்ஸ் நிற்கிறார்கள். மாற்றுக் குவாட்டர்பேக்காக வந்த கெரி காலின்ஸ் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு நுழையப் போகிறார். பொலமாலு இரண்டு எட்டு முன்னால் ஓடி, முன்வரிசை ஆட்களின் தலைக்கு மேல் தாவுகிறார். அவர் காற்றில் இருக்கும்போதுதான் ஸ்னாப் நடக்கிறது. காலின்ஸ் நிமிர்வதற்குள் அவர் மேல் விழுந்து இழுத்துச் சாய்த்துவிட்டார். அரை விநாடி முந்தியிருந்தால் ஆஃப்சைடு, அரை விநாடி பிந்தியிருந்தால் எதிராளியின் தோளில் மோதி நின்றிருப்பார். எப்போது பந்து நகரும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு யாரும் திருப்தியான விளக்கம் கொடுத்ததில்லை. குவாட்டர்பேக்கின் குரல் தாளத்தைப் படித்தார் என்பார்கள். சரி, அதைப் படித்தவர்கள் நிறையப் பேர், தாவியவர் இவர்தான்.

அதே ஆண்டு டிசம்பர் 5, பால்டிமோர். இந்தக் கேள்விக்குப் பொலமாலு பக்கத்தின் மிகப் பெரிய சாட்சி அந்த ஆட்டம்தான் என்பேன். ரேவன்ஸ் 10–6 என்று முன்னிலை, இன்னும் சுமார் மூன்று நிமிடம். பந்து ரேவன்ஸிடம். இன்னும் ஒன்றிரண்டு முறை பத்து யார்டு நகர்ந்தால் கதை முடிந்தது. ஃப்ளாக்கோ எறியப் பின்வாங்கினார். ஓரத்திலிருந்து வந்த பொலமாலுவைத் தடுக்க ஒருவரும் இல்லை. அவர் ஃப்ளாக்கோவின் உடம்பைப் பிடிக்கவில்லை, எறியும் கையை வெட்டினார். பந்து தெறித்தது, லமார் வுட்லி எடுத்துக்கொண்டு 9 யார்டு கோடுவரை ஓடினார். அங்கிருந்து ஐசக் ரெட்மன் டச் டவுன். 13–10. அந்தப் பருவம் முடிந்தபோது இரண்டு அணிக்கும் 12 வெற்றி, 4 தோல்வி. பிரிவை வென்றது ஸ்டீலர்ஸ், அதனால் ப்ளேஆஃபில் ரேவன்ஸ் பிட்ஸ்பர்க் போய் ஆட வேண்டியதாயிற்று. முதல் பாதி முடிவில் 21–7 என்று முன்னால் இருந்தும் 31–24 என்று தோற்றார்கள். ஸ்டீலர்ஸ் சூப்பர் பவுல்வரை போனது. ஒரே ஒரு கைவெட்டு ஒரு பருவத்தையே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2009 ஜனவரியில் இதே ஃப்ளாக்கோவிடமிருந்து பறித்து 40 யார்டு ஓடி, சூப்பர் பவுலுக்கு முந்தைய ஏஎஃப்சி இறுதியாட்டத்தை முடித்துவைத்தவரும் பொலமாலுதான். அப்போது ஸ்கோர் 16–14, ரேவன்ஸுக்கு ஒரு ஃபீல்டு கோல் போதுமாக இருந்தது.

ஓட்டத்தைத் தடுப்பதிலும் மோதி வீழ்த்துவதிலும் போட்டியே இல்லை, பொலமாலு எட்டாத உயரத்தில் இருக்கிறார். சேஃப்டியாக இருந்தும் 12 சாக் (எறியுமுன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). அதில் மூன்று 2005-இல் ஹூஸ்டனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். ரீட் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் எடுத்தது 6. பிற்காலத்தில் கழுத்து நரம்புப் பிரச்சினையோடு ஆடிய ரீட், ஓட்டக்காரர் நேராக வந்தால் தோளைக் காட்டத் தயங்கினார். 2012-இல் அவர் தவற விட்ட டேக்கிள்களைப் பால்டிமோர் ரசிகர்களே முணுமுணுத்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கை மரத்துப்போகும் ஒருவர் 110 கிலோ ஆளை நோக்கி ஓட வேண்டிய தொழில் இது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

ஆக, கோட்டுக்குப் பக்கத்தில் பொலமாலு, ஆழத்தில் ரீட். அப்படியென்றால் சமம்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் ரீட் பக்கம் சாய்கிறேன்.

பொலமாலுவின் சூதாட்டத்துக்கு ஒரு ஜாமீன்தாரர் தேவைப்பட்டார். 2006 முதல் 2013 வரை அந்த ஜாமீன்தாரர் ரையன் கிளார்க். பொலமாலு முன்னால் பாய்ந்தால் பின்னால் காலியாகும் இடத்தை அவர் மூடுவார், அதற்காக அவருக்குப் பெரிய புகழ் எதுவும் கிடைக்கவில்லை. கிளார்க் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜனவரி 8-ஐப் பாருங்கள். கிளார்க்குக்கு அரிவாள் செல் மரபணுக் கூறு உண்டு, டென்வரின் உயரத்தில் ஆடினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவரை ஆட விடவில்லை. கூடுதல் நேரத்தின் முதல் பந்து. ஓட்டத்தை எதிர்பார்த்துச் சேஃப்டிகள் முன்னால் வந்து நிற்கிறார்கள், பின்னால் ஆளில்லை. டிம் டீபோ எறிந்தார், டெமேரியஸ் தாமஸ் பிடித்து 80 யார்டு ஓடினார். ஆட்டம் முடிந்தது, 29–23. கார்னரில் நின்ற ஐக் டெய்லர்தான் முந்தப்பட்டார், பழி எல்லாம் பொலமாலுவுடையது அல்ல. ஆனால் அந்தக் காலியிடம் அந்த அணி ஆடிய விதத்தின் விலை. 2011 பிப்ரவரியில் பேக்கர்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலிலும் கடைசிக் கால் பகுதியில் கிரெக் ஜென்னிங்ஸ் போட்ட டச் டவுனில் பொலமாலுவின் ஊகம் தவறிப்போனது. அந்த ஆட்டத்தில் 31–25 என்று தோற்றார்கள்.

ரீடும் சூதாடினார், மறுக்கவில்லை. அவர் இடத்தை விட்டு ஓடியதால் தனியாக மாட்டிக்கொண்ட ரேவன்ஸ் கார்னர்பேக்குகள் உண்டு. ஆனால் அவர் சூதாடியது கடைசிக் காவல் நிலையிலிருந்தே. அவருக்குப் பின்னால் கிளார்க் யாரும் இல்லை, எல்லோருக்கும் கிளார்க் அவர்தான். மற்றவர்களுக்கு ஜாமீனாகவும் நின்றுகொண்டு, அதே நேரத்தில் பந்தையும் பறிப்பது, இரண்டையும் ஒரே ஆள் செய்தது என்று எனக்குத் தெரிந்த உதாரணம் அவர் ஒருவர்தான். ரெக்ஸ் ரையன் தடுப்பாட்டத்தை நடத்திய ஆண்டுகளில் ரேவன்ஸ் ஆறு ஏழு பேரைக் குவாட்டர்பேக் மேல் ஏவ முடிந்தது என்றால், பின்னால் 20 நிற்கிறார் என்ற தைரியத்தில்தான்.

இன்னொன்று, மாறிய விதிகள். 2004-இல் இருந்து ரிசீவர்களை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடுவதற்கான விதியைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். எறிவது எளிதாயிற்று, லீக் முழுவதும் பந்து காற்றில் பறக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட காலத்தில் அதிக விலை ஆழத்துக்குத்தான். அந்த 2004-லேயே ரீட் 9 இன்டர்செப்ஷன் எடுத்து 358 யார்டு ஓடினார், ஒரு பருவத்துக்கு அதுவும் சாதனை. 2008-இல் மறுபடி 9. அந்தப் பருவத்தின் ப்ளேஆஃபில் மியாமியின் சாட் பென்னிங்டனைப் பாருங்கள்: 16 ஆட்டங்களில் 7 இன்டர்செப்ஷன் மட்டுமே கொடுத்த ஜாக்கிரதைக்காரர், ரேவன்ஸிடம் ஒரே நாளில் 4 கொடுத்தார். அதில் இரண்டு ரீட், ஒன்று 64 யார்டு ஓடி டச் டவுன். 2010-இல் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் ஆறு வாரம் ஆடவே இல்லை. மீதி 10 ஆட்டங்களில் 8 எடுத்து லீகிலேயே முதலிடம். அந்த ஆண்டு விருது பொலமாலுவுக்குப் போனது, தகுதியோடுதான் போனது. ஆனால் ரீட் 16 ஆட்டமும் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

ப்ளேஆஃப் இன்டர்செப்ஷன் கணக்கும் இதையே சொல்கிறது: ரீட் 9, லீக் சாதனையைச் சமன் செய்த எண். பொலமாலு 3. அந்த 3-இல் நியாயமாக ஒன்றைக் கூட்ட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் ஸ்டீலர்ஸ் 21–10 என்று முன்னிலையில் இருந்தபோது, மானிங்கின் பந்தைப் பொலமாலு பாய்ந்து பிடித்து உருண்டார். எழுந்து ஓட முயன்றபோது தன் முழங்காலே பந்தில் இடித்து நழுவியது, உடனே தானே மீட்டார். நடுவர் பீட் மொரெல்லி வீடியோ பார்த்துவிட்டு அது பிடிபடாத பந்து என்று தீர்ப்பை மாற்றினார். கோல்ட்ஸ் அந்த வாய்ப்பில் டச் டவுன் போட்டு 21–18-க்கு வந்துவிட்டார்கள். மறுநாள் லீகே தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டது. ஸ்டீலர்ஸ் எப்படியோ தப்பித்தார்கள், கோப்பையும் வென்றார்கள். புள்ளிவிவரத்தில் மட்டும் அது இன்றுவரை இல்லை.

கோப்பை இரண்டுக்கு ஒன்று என்ற வாதத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. 2005 முதல் 2008 வரை பிட்ஸ்பர்கில் ராத்லிஸ்பர்கர் இருந்தார். பால்டிமோரில் 2008-இல் ஃப்ளாக்கோ வரும்வரை நிலையான குவாட்டர்பேக் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. ரீடின் ஒரே கோப்பை 2013 பிப்ரவரியில், நியூ ஆர்லியன்ஸில், அவர் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தது. அன்று காலின் கேப்பர்னிக்கிடமிருந்து அவர் பறித்த பந்து, சூப்பர் பவுல் வரலாற்றில் சான் ஃபிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் ஒருவர் கொடுத்த முதல் இன்டர்செப்ஷன். அதற்கு முந்தைய ஐந்து சூப்பர் பவுல்களில் ஜோ மொன்டானாவும் ஸ்டீவ் யங்கும் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

உடல் ஒத்துழைத்த அளவிலும் ரீடுக்குக் கொஞ்சம் கூடுதல். பொலமாலு ஆடிய விதம் அவர் உடம்பையே தின்றது. 2009-இல் முழங்கால் காயத்தால் 5 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. முந்தைய ஆண்டு சாம்பியனான ஸ்டீலர்ஸ் அந்தப் பருவத்தை 9–7 என்று முடித்து ப்ளேஆஃபுக்கே போகவில்லை. இதைப் பொலமாலு ரசிகர்கள் அவர் மதிப்புக்குச் சான்றாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் களத்தில் இல்லாத ஆட்டத்துக்கு மதிப்பெண் போட எனக்குத் தெரியாது. 2019-இல் லீகின் நூறாண்டு நிறைவுக்காகத் தேர்ந்தெடுத்த எல்லாக் கால அணியில் ஆறு சேஃப்டிகளில் ஒருவராக ரீட் இடம்பெற்றார், பொலமாலு இடம்பெறவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் என்னைவிட அதிகம் ஆட்டப் படம் பார்த்தவர்கள். இருந்தாலும் இடைவெளி அவர்கள் காட்டிய அளவுக்குப் பெரியது என்று நான் நம்பவில்லை.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் ஒரு யோசனை. பொலமாலுவுக்கு யூடியூபில் கிடைக்கும் சாதாரண டிவி ஒளிபரப்புத் துண்டுகளே போதும். அவர் செய்ததெல்லாம் பந்துக்குப் பக்கத்தில் நடந்தது, கேமரா அங்கேதான் இருக்கும். நான் சொன்ன 2010-இன் இரண்டு ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள். ரீடுக்கு அது உதவாது. டிவியில் அவர் கடைசி ஒரு விநாடி திரைக்குள் ஓடிவந்து பந்தைப் பிடிப்பது மட்டும் தெரியும், ஏதோ அதிர்ஷ்டக்காரர் மாதிரி. 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் பயிற்சியாளர் படம் எங்காவது கிடைத்தால் அதில் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், ஸ்னாப்புக்கு முன்பிலிருந்து 20-ஐ மட்டும் பாருங்கள்.